பதினேழாம் ரேங்க்கும் பாஸ்தான்!

அக்கா பையன் ஒன்பதாம் கிளாஸ். அரைப் பரீட்சையில் நாற்பது பேரில் பதினேழாவது ரேங்க். ரேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வாசற்படியில் ருத்ரதாண்டவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் நான் ஆபீஸ் விட்டு, புதுச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி, மனுஷ ரூபம் இழந்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

"நீயே கேளுடா தம்பி. பதினேழாவதாம். வெட்கமே இல்லாம சிரிக்கறான்!"

பையன் என்னைப் பார்த்து, "மாமா, டாட்டன்ஹாம் கூடப் பதினேழாவதுதான். சாம்பியன்ஸ் லீக் போயிடுச்சில்ல?" என்றான்.

"யாருடா அவன்? உங்க கிளாஸா?" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் எனக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்தது. ஆனால் பையன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. 2024-25 இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் இருபது அணிகள். டாட்டன்ஹாம் பதினேழாவது. அதற்குக் கீழே இருந்த மூன்று பேரும் அடுத்த டிவிஷனுக்குத் தள்ளப்பட்டார்கள். அதாவது, ஃபெயில் ஆகாதவர்களில் கடைசி. முப்பத்தெட்டு மேட்சில் இருபத்திரண்டு தோல்வி. அப்பேர்ப்பட்ட டீம், 2025 மே 21-ம் தேதி ஸ்பெயினில் உள்ள பில்பாவோவில் யூரோப்பா லீக் ஃபைனலில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்தது. (யுனைடெட் மட்டும் என்ன வாழ்ந்தது? பதினைந்தாவது ரேங்க்!) யூரோப்பா லீக் ஜெயித்தவனுக்கு மறு வருஷம் சாம்பியன்ஸ் லீக்கில் நேராக இடம். அதே சமயம் லீக்கில் ஆறாவது வந்த ஆஸ்டன் வில்லா, ஐந்தாவது வந்த நியூகாசிலுடன் பாயிண்ட்டில் சரிசமமாக நின்றும், கோல் கணக்கில் பின்தங்கி, அந்த இடத்தைக் கோட்டை விட்டது. ஆறாவது ரேங்க் வெளியே, பதினேழாவது ரேங்க் உள்ளே.

இந்த அநியாயத்தை நான் ஒரு வருஷமாக ரசித்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் ஊருக்கே வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர். ரோட்டில் சென்னையிலிருந்து பாண்டிக்கு 'வேறு காரணமாக'ப் போகிறவர்கள், கார் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பாத்திகளும் குவியல்களும் பார்த்து, "நிறுத்து, ஒரு செல்ஃபி" என்பார்களே, அந்த ஊர். உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். வெயில் ஏறினால் வெள்ளையைப் பார்த்துக் கண் பூத்துப்போகும். பனிக்காலத்தில் ஐரோப்பிய மேட்ச் நம் நேரப்படி ராத்திரி ஒன்றரைக்கு ஆரம்பித்து மூன்றரை சுமாருக்கு முடியும். டி.வி.யை அணைத்துவிட்டு நான் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும்போது, தெருவில் டார்ச் வெளிச்சமும் சைக்கிள் சத்தமுமாக உப்பளத்துக்கு ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். படுத்தால் சரியாகிவிடும்.

இப்படி ராத்திரி முழித்துப் பந்து பார்க்கிறவன் என்ற ஒரே தகுதியில் எனக்குப் பதவி வந்தது. காணும் பொங்கல் அன்று கடற்கரையில் ஏழு பேர் கால்பந்துப் போட்டி நடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பதினாறு டீம்தான் ஆட முடியும், பொழுது அதற்கு மேல் தாங்காது. இந்தத் தடவை பெயர் கொடுத்ததோ இருபத்து மூன்று. முன்னெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். குலுக்கியவருடைய மச்சான் டீம் மட்டும் எப்போதும் வந்துவிடும். போன வருஷம் அது கைகலப்பாகி, ஒரு பந்தும் இரண்டு நாற்காலியும் பலி. ஆகவே கமிட்டியில், "சார் நியாயமா ஒரு முறை சொல்லட்டும்" என்றார்கள். நம்மை ஒருத்தர் 'சார்' என்று கூப்பிட்டால் மூளை எப்படி வேலை செய்யும்? சொன்னேன்.

"ஐரோப்பாவுல எப்படிப் பண்றாங்களோ அப்படியே பண்ணிடலாம்."

என் முறையை விளக்குவதற்கு முன் ஐரோப்பிய முறை. ஆபீஸ் கான்டீனில் யாராவது 'கோ-எஃபிஷியன்ட்' என்று பேச்செடுத்தால் இனி நீங்கள் பின்வாங்க வேண்டாம்.

1955-ல் ஐரோப்பியக் கோப்பை ஆரம்பித்தபோது விஷயம் எளிமை. பிற்பாடு நிலைத்த விதி, நாட்டுக்கு ஒரு சாம்பியன். அவனோடு போன வருஷக் கோப்பைக்காரன். (முதல் ஐந்து கோப்பையையும் ரியல் மாட்ரிட்டே தூக்கிக்கொண்டு போனது வேறு கதை.) 1992-ல் பெயரை சாம்பியன்ஸ் லீக் என்று மாற்றினார்கள். மாற்றிய ஐந்தாம் வருஷம், 1997-98-ல், இரண்டாவது வந்தவர்களையும் உள்ளே விட்டார்கள். 1999-ல் பெரிய நாடுகளுக்கு நான்கு இடம் வரை. சாம்பியன் மட்டும் ஆடியபோது பெயரில் சாம்பியன்ஸ் இல்லை. பெயரில் சாம்பியன்ஸ் வந்தபிறகு ஆடுகிறவனெல்லாம் சாம்பியன் இல்லை!

எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதைத் தீர்மானிப்பதுதான் அந்தக் கோ-எஃபிஷியன்ட். ஒரு நாட்டு கிளப்புகள் ஐரோப்பியப் போட்டியில் ஒரு மேட்ச் ஜெயித்தால் 2 பாயிண்ட், டிரா 1. தகுதிச் சுற்றில் அதில் பாதி: 1, அரை. மேல் சுற்றுகளுக்குப் போனால் போனஸ் தனி. எல்லாவற்றையும் கூட்டி, அந்த வருஷம் அந்த நாட்டிலிருந்து எத்தனை கிளப் ஆடியதோ அதால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஏழு கிளப் சேர்ந்து 140 பாயிண்ட் எடுத்தால் நாட்டுக்கு 20. நான்கு கிளப் சேர்ந்து 20 எடுத்தால் 5. இப்படி ஐந்து வருஷத்துக் கணக்கைக் கூட்டினால் நாட்டின் ரேங்க். முதல் நான்கு நாடுகளுக்குத் தலா நான்கு இடம். கீழே போகப் போக இடம் குறையும். சான் மரினோ மாதிரி நண்டு சிண்டு நாட்டுச் சாம்பியன் ஜூலை மாதமே, மற்றவர்கள் லீவில் இருக்கும்போது, முதல் தகுதிச் சுற்றில் மூச்சிரைக்க ஓட வேண்டும்.

இதில் ஒரு ஆபீஸ் சமாசாரம் உண்டு. இந்த வருஷம் நன்றாக ஆடினால் அடுத்த வருஷமே இடம் கூடாது. 2025-26-ன் இட ஒதுக்கீடு 2024 வரைக்குமான ஐந்து வருஷக் கணக்கை வைத்து. நடுவே ஒரு வருஷம் ஃபைல் நகர்கிறது. டி.ஏ. அரியர்ஸ் மாதிரி!

இதைப் பார்த்துத்தானோ என்னவோ, 2024-லிருந்து உடனடி போனஸ் ஒன்று வைத்தார்கள். அந்த வருஷம் சாம்பியன்ஸ் லீக்கை 36 டீமாகப் பெரிதாக்கியபோது, முந்தைய ஒரே வருஷத்தில் நன்றாக ஆடிய இரண்டு நாடுகளுக்கு ஆளுக்கு ஒரு இடம் அதிகம். முதல் தடவை இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் விழுந்தது. மறு வருஷம் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும். நியூகாசில் உள்ளே போனது அந்தக் கதவு வழியாக. டாட்டன்ஹாம் கோப்பைக் கதவு வழியாக. மொத்தம் ஆறு இங்கிலாந்து டீம். ஒரே வீட்டில் ஆறு பேருக்கு அரசாங்க வேலை.

கிளப்புக்குத் தனி ரேங்க் உண்டு. குலுக்கலில் யார் எந்தப் பானை என்று பார்க்க. அதிலும் ஐந்து வருஷ உழைப்பைக் கூட்டுவார்கள். புதிதாக வந்தவனுக்கு ஏது ஐந்து வருஷம்? அவனுக்கு நாட்டுக் கணக்கில் இருபது சதவீதம் கொடுப்பார்கள். சொந்தக் கணக்கு, அப்பா கணக்கு, இரண்டில் எது பெரிசோ அது. இங்கிலாந்தில் பிறந்த சின்ன கிளப்புக்கு இது அதிர்ஷ்டம். சான் மரினோவில் பிறந்தவனுக்கு இருபது சதவீதம் எடுத்தால் டீ கூட வராது.

ஆபீஸில் எக்ஸெல் ஷீட் திறந்தேன். (மேனேஜர் கடந்து போனபோதெல்லாம் மார்ச் மாத ஸ்டேட்மென்ட்.) கமிட்டியின் பழைய நோட்டுப் புத்தகங்களை வைத்து ஐந்து பொங்கல் கணக்கு. ஜெயித்தால் 2, டிரா 1. முதல் பன்னிரண்டு டீம் நேரடி. மிச்சம் பதினொன்றும் முந்தின ஞாயிறு தகுதிச் சுற்று ஆடி நான்கு பேர் உள்ளே. தகுதிச் சுற்றில் பாயிண்ட் பாதி. பிரிண்ட் எடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். ஊரே கூடிப் படித்தது. என் பெயர் ஒரு பிரிண்ட் அவுட்டில் அவ்வளவு பெருமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் ராத்திரி ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். இருபது வயசிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவன் என்று கேட்காமலே தெரியும்.

"அண்ணே, லிஸ்ட்ல கடைசி நாங்கதான்."

பார்த்தேன். இருபத்து மூன்றாவது. பாயிண்ட், சைபர்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு மேட்ச் ஜெயிச்சோம்ணே. ரெண்டுக்கு ஒண்ணு. அது வரலையே?"

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. ஆனால் அடுத்த மேட்சுக்கு அந்த டீம் வரவில்லை. எதிர் டீமுக்கு வாக்-ஓவர். போட்டியை நடுவில் விட்டால் ஆடியதும் ரத்து என்று கமிட்டி அடித்துவிட்டது. ஆசியக் கூட்டமைப்பும் அப்படித்தானே செய்தது! 2024-ல் மோகன் பகான், ஈரானில் இருந்த நிலைமையைக் காரணம் காட்டி தப்ரீஸில் டிராக்டர் அணியுடன் ஆடப் போகவில்லை. விலகியதாகக் கணக்கு. சொந்த ஊரில் ஏற்கெனவே ஆடிய டிராவும் அழிந்தது. 2025-ல் மறுபடி இஸ்ஃபஹான் போக வேண்டியிருந்தது, மறுபடி போகவில்லை, மறுபடி அதே கதை. இதையெல்லாம் பையனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அன்னைக்கு மழைண்ணே. சீசன் தப்பின மழை. அம்பாரம் கரைஞ்சுடும்னு மேஸ்திரி ஆளனுப்பினாரு. கீத்துப் போட்டு மூடப் போயிட்டோம். பதினஞ்சு நாள் கூலி அதுல இருந்துச்சு."

நான் தொண்டையைச் செருமினேன்.

"அதை விடுங்கண்ணே. ஒரு சந்தேகம். பாயிண்ட் இருந்தாத்தான் ஆட விடுவீங்க. ஆடினாத்தான் பாயிண்ட் வரும். அப்ப நாங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

யூ.இ.எஃப்.ஏ. தலைமையகம் சுவிட்சர்லாந்தில் நியோன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே நேராகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வியை என் வாசலில் நின்று கேட்டான். நான் அந்த இருபது சதவீத விஷயத்தை எடுத்துவிட்டேன். ஊர்க் கணக்கில் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்றேன்.

"நம்ம ஊருக்கு எவ்வளவுண்ணே பாயிண்ட்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஊரை விடுங்கள், நாட்டுக்கே அங்கே பெரிய இருப்பு கிடையாது. ஆசியாவிலும் இதே மாதிரி ஒரு ரேங்கிங் உண்டு. மேற்கு, கிழக்கு என்று பிரித்து. நாம் மேற்கு. சவூதி, கத்தார், ஈரான் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

நம் தமிழ்நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மிதந்த அதே மாதம், சென்னையின் எஃப்.சி. கோவாவில் ஐ.எஸ்.எல். ஃபைனல் ஆடியது. தொண்ணூறாவது நிமிஷம் வரை 1-2. அதற்கப்புறம் இரண்டு கோல் விழுந்து 3-2, கோப்பை. ஆனால் ஆசியப் போட்டிக்கு டிக்கெட் கிடையாது! ஐ.எஸ்.எல்.லுக்கு அப்போது அந்த அந்தஸ்தே இல்லை. ரேங்க் கார்டு கொடுத்தார்கள், ஆனால் அது ரெகக்னைஸ்டு ஸ்கூல் இல்லை. 2018-ல் மறுபடி சாம்பியன் ஆனபிறகுதான் ஏ.எஃப்.சி. கப் கிடைத்தது. 2019-ல் கொழும்பு எஃப்.சி.யுடன் பிளே-ஆஃப். கொழும்பில் 0-0. இங்கே 1-0.

'இங்கே' என்றால் எங்கே? சென்னை நேரு ஸ்டேடியம் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. அகமதாபாத்! குரூப்பிலும் சொந்த மைதானம் அகமதாபாத்தான். ரசிகன் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்து ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து போய்த் தன் 'ஹோம்' மேட்சைப் பார்க்க வேண்டும். கடைசியில் டாக்கா அபஹானிக்கு 13 பாயிண்ட், நமக்கு 11. முதல் இடத்துக்கு மட்டும்தான் அடுத்த சுற்று.

அதே 2019 மார்ச் 9-ம் தேதி கோயமுத்தூரில் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீகைத் தூக்கியது. கடைசி நாள். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட, அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. சென்னை சிட்டி திருப்பி மூன்று போட்டு ஒரே ஒரு பாயிண்ட்டில் சாம்பியன். பரிசு, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் ஒற்றை மேட்ச். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃப்பாவிடம் 0-1. அதற்கும் சொந்த மைதானம்... ஆமாம், அகமதாபாத். அடுத்து ஏ.எஃப்.சி. கப்பில் இடம் கிடைத்தது. நடுவிலேயே கொரோனா வந்து போட்டியே ரத்து.  இன்றைக்கு அந்த டீம் ஐ-லீகிலேயே இல்லை.

மற்றவர்கள் கதையும் சுருக்கமாக: 2021-ல் எஃப்.சி. கோவாதான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் ஆடிய முதல் இந்திய அணி. முதல் மேட்சிலேயே கத்தாரின் அல் ரயானை 0-0 என்று நிறுத்தியது. எதிர் டீமின் கோச் யார் தெரியுமா? 1998-ல் உலகக் கோப்பை வாங்கிய பிரான்ஸ் அணியின் லாரன்ட் பிளாங்க்! 2022-ல் மும்பை சிட்டி, ஈராக்கின் விமானப்படை அணியை 2-1 என்று ஜெயித்தது. முதல் வெற்றி. 2023-ல் அதே மும்பை சிட்டி ஆறுக்கு ஆறு தோற்றது. அல் ஹிலால் வந்தபோது நெய்மார் வருவார் என்று டிக்கெட் பறந்தது. அவர் முழங்காலில் அடிபட்டு வரவில்லை. 2025 அக்டோபரில் அல் நாசர் கோவாவுக்கு வந்தது, ரொனால்டோ வரவில்லை. கோவா 1-2 என்று கௌரவமாகத் தோற்றது. நம் ஊருக்கு வர வேண்டிய மாப்பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் ஏதாவது ஆகிவிடுகிறது.

இத்தனையும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. "தகுதிச் சுற்று இருக்கில்ல தம்பி, ஆடு" என்று மட்டும் சொன்னேன். அந்த ரத்தான 2 பாயிண்ட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "நீங்கதானே சார் ஐரோப்பா மாதிரின்னீங்க" என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். இன்னும் ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தகுதிச் சுற்று ஞாயிறு காலை ஆறரை மணி. பெரிய டீமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது. உப்பளப் பையன்கள் வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு நேராக வந்தார்கள். முழங்கால் வரை வெள்ளை. ஏழு பேரில் இரண்டு பேர் ஜெர்சி கிடையாது, பனியன். முதல் மேட்ச் 2-0. இரண்டாவது 1-1, பெனால்ட்டியில் உள்ளே! கடைசி பெனால்ட்டியை அடித்தவன் அந்தப் பாதவெடிப்புப் பையன். அடித்துவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்கவில்லை. என்னவோ ஏதோ என்று ஓடினால், காலில் தசை பிடித்துக்கொண்டிருந்தது.

காணும் பொங்கல் அன்று குலுக்கல். கடைசிப் பானை என்பதால் முதல் மேட்சே போன வருஷச் சாம்பியனான ஒரு குப்பத்து டீமுடன். இதுவும் நான் போட்ட விதிதான். எக்கியார்குப்பத்திலிருந்து கூனிமேடு வரை ஜனம் வந்திருந்தது. அக்கா பையன் பந்து பொறுக்கிப் போடும் உத்தியோகத்தில் இருந்தான். முதல் பாதி 1-1. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்குக்கூட அப்படி ஆனதில்லை. இரண்டாம் பாதியில் சாம்பியன்கள் மாற்று ஆட்கள் மூன்று பேரை இறக்கினார்கள். இவர்களிடம் மாற்று ஆளே இல்லை. 1-3.

சாயங்காலம் நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"எவ்வளவுண்ணே?"

"தகுதிச் சுற்றுல ஜெயிச்சதுக்கு ஒண்ணு. டிராவுக்கு அரை. மொத்தம் ஒண்ணரை."

"இப்ப எத்தனாவது?"

மேலிருந்து விரல் வைத்து எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

"பதினேழு."

பக்கத்தில் நின்ற அக்கா பையன் என்னைப் பார்த்து இளித்தான். இவன் ஏன் இளிக்கிறான் என்று அந்தப் பையனுக்குப் புரியவில்லை.

"நேரா உள்ள வர்றதுக்குப் பன்னெண்டு வரைக்கும்தானேண்ணே?"

"ஆமா."

"இன்னும் அஞ்சு பேரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினான். மறுநாள் லாரிக்கு லோடு இருக்கிறதாம், சீக்கிரம் படுக்க வேண்டுமாம்.